நீர்மட்டம்: மூன்று இரவுகள் இல்லை

சவுக்குக் கம்பு இரண்டு.
ஒன்று வடகடலில், ஒன்று தென்கடலில்.
படகுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டில்
சென்டிமீட்டர் கோடுகள்.
தையல்காரர் டேப்பை வைத்துக் குறித்ததால்
எழுபதுக்கு மேல் கொஞ்சம் கோணல்.

மண்டபத்தில் ஒரு கடலைப் பெண் என்பார்கள்,
மற்றதை ஆண் என்பார்கள்.
எங்களுடையதோ ஆண்கள் உயர்நிலைப் பள்ளி.
பெண்கடல் பக்கம் யார் போவது என்று
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில்
ஒரு பீரியட் முழுக்கச் சண்டை.
கடைசியில் சீட்டுக் குலுக்கினோம்.
அஷ்பாக்குக்கும் நம்புவேலுக்கும் வடக்கு.
எனக்கும் கில்டஸுக்கும் தெற்கு.

ஒரே நேரத்தில் இரண்டு கடலும்
ஒரே உயரத்தில் நிற்கின்றனவா?
கேட்கும்போது சின்னக் கேள்வியாகத்தான் இருந்தது.
மூன்று மணிக்கு ஒருமுறை, நாற்பது நாள்.

ஏழாம் நாள்
யாரோ வத்தையைக் கம்பில் கட்டிவிட்டுப் போக
கம்பு சாய்ந்துவிட்டது.
பிடுங்கி நட்டால் பழைய அளவெல்லாம் வீண்.
கில்டஸ் பாகைமானியோடு
இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று
"பதினோரு டிகிரி!" என்று கத்தினான்.
கொசைன் போட்டுத் திருத்தினோம்.
வினாத்தாளை விட்டு வெளியே வந்து
கொசைன் உப்புத்தண்ணீரில் கால் நனைத்தது
அன்றைக்குத்தான்.

பத்தொன்பதாம் நாள் நாற்பதாவது கோட்டைக்
கொட்டலசு மூடிக்கொண்டது.
அதையும் நோட்டில் எழுதினோம்.

இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு.
அந்த இரவுகளின் மூன்று மணி என்னுடையது.
58. 61. 64.
கிராஃப் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்த நம்புவேல்
பென்சிலை நிறுத்தினான்.
"அந்த மூணு ராத்திரியும் கச்சான் அடிச்சுது.
எங்க பக்கமே தண்ணி தாறுமாறாக் கிடந்துச்சு.
உன் கடல் மட்டும் எப்படிடா
வரிசைல நிக்கிற பள்ளிப்பிள்ளை மாதிரி ஏறுது?"

நான் கிராஃப் தாளைப் பார்த்தேன்.
கில்டஸ் என்னைப் பார்க்காமல்
ரப்பரை எடுத்தான்.
அழித்த இடத்தில் தாள் மெலிந்து
அடியில் இருந்த மேசையின் நிறம் தெரிந்தது.

ராமநாதபுரம் கண்காட்சியில்
எங்களுக்கு இடப்பக்கம் எரிமலை,
சமையல் சோடாவில் பொங்குவது.
வலப்பக்கம்
ஆள் வந்தால் வாய் திறக்கும் குப்பைத்தொட்டி.
நடுவில் நாங்கள்,
நான்கு முழம் தாளும் நான்கு வெள்ளைச் சட்டையும்.

நடுவராக வந்த அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
தாளின் மேல் குனிந்தார்.
"இங்க மூணு இடம் காலியா இருக்கே?"

கம்பு பழுது என்று சொல்லலாம்.
புயல் என்று சொல்லலாம்.
அஷ்பாக் என் காலை மிதித்தான்.
எதைச் சொல்லச் சொல்கிறான் என்று தெரியவில்லை.

"தூங்கிட்டேன் மிஸ்."

அவர் சிரிக்கவில்லை.
கையிலிருந்த அட்டையில்
நெடுநேரம் ஏதோ எழுதினார்.

ஆறுதல் பரிசு.
சான்றிதழில் நம்புவேல் அன்புவேல் ஆகியிருந்தான்.
திங்கள்கிழமை பிரேயரில்
கபடி டீமுக்குத் தட்டியதில் மிச்சத்தை
எங்களுக்கும் தட்டினார்கள்.

கேள்விக்குப் பதில் கேட்பீர்கள்.
நிற்பதில்லை.
எங்கள் கம்புகள் சொன்னவரையில்
தெற்கு ஏறி முடித்த பிறகும்
வடக்கு யோசித்துக்கொண்டிருக்கிறது.
எவ்வளவு நேரம் என்பதில்தான்
அஷ்பாக்குக்கும் எனக்கும் இன்னும் தீரவில்லை,
அவன் என் மூன்று இரவுகளைக் கேட்கிறான்.

இப்போதெல்லாம் மூன்று மணிக்குத்
தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது.
வர வேண்டிய நாளில் வராத விழிப்பு.

நேற்று எழுந்து போனேன்.
வலை ஏற்றிக்கொண்டிருந்த பிச்சைக்கனி அண்ணன்
"என்னடா, இன்னும் முடியலையா?" என்றார்.
"முடிஞ்சிருச்சுண்ணே" என்றபடி
டார்ச்சை அடித்தேன்.

கம்பு இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.
கொட்டலசுக்கு மேலே,
கோணல் கோடுகளின் தொடக்கத்தில்,
கொசைன் போடாமல்
எழுபத்து மூன்று.

நோட்டை ஒப்படைத்தாகிவிட்டது.
இதில் எழுதி வைக்கிறேன்.